ஏழு மாணவியரும் ஒரு சமையலறையும்

விடுதிப் பாடசாலைக் கதை என்பது ஆங்கில எழுத்திலே நெடுநாளாக நின்று நிலவும் ஒரு வகை. 1857இல் வெளிவந்த தோமஸ் ஹியூசின் 'ரொம் பிறவுணின் பாடசாலை நாட்கள்' தொடக்கம், 1946இல் ஈனிட் பிளைற்றன் சிறுமியருக்கென எழுதத் தொடங்கிய 'மலோரி ரவேர்ஸ்' வரிசை வரை, அதன் உள்ளமைப்புப் பெரிதும் மாறியதில்லை. வீட்டைப் பிரிந்த பிள்ளையொன்று பெட்டியும் கையுமாக அந்நியமானதொரு வாயிலில் வந்து இறங்கும். யார் எங்கு அமர்வது, எவருடன் பேசுவது, எதற்குச் சிரிப்பது என்பனவெல்லாம் அங்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். வந்த பிள்ளை அவ்வெழுதாச் சட்டங்களைக் கற்றும் மீறியும் தனக்கென ஓரிடத்தைத் தேடிக்கொள்ளும். வாசகனும் அப்பிள்ளையின் பின்னாலேயே உள்ளே நுழைகிறான். இவ்வமைப்பு இத்தனை காலம் நிலைத்தமைக்கு எழுத்தாளரின் சோம்பலைக் காரணங் கூறுதல் பொருந்தாது. விடுதியில் வாழ்ந்தோர் எவரும் தமது முதல்நாள் இரவுச் சாப்பாட்டை எளிதில் மறப்பதில்லை.

இதனை மனத்திற் கொண்டு நோக்குமிடத்து, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒன்பது பருவங்கள் ஓடிய 'த ஃபக்ற்ஸ் ஒஃப் லைஃப்' என்னும் நகைச்சுவைத் தொடரின் முதற் பருவம் ஏன் தடுமாறிற்று என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கின்றது. 1979ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 24ஆந் திகதி என்.பி.சி. ஒளிபரப்பிலே தொடங்கி 1988 மே மாதத்தில் நிறைவுற்ற இத்தொடரின் பெயர் இரு பொருள் தருவது. வாழ்வின் மறுக்கவொண்ணா உண்மைகள் என்பது ஒன்று. பெரியோர் பிள்ளைகளுக்குத் தயங்கித் தயங்கி எடுத்துரைக்கும் பாலியல் அறிவு என்பது மற்றையது. அதற்கு முந்திய ஆண்டிலே ஆரம்பித்த 'டிஃபரன்ற் ஸ்ட்றோக்ஸ்' என்னும் தொடரில், ட்றமன்ட் என்ற நியூயோர்க் செல்வரின் வீட்டை நிருவகித்த பணிப்பெண் எட்னா கறெற். சார்லற் றே என்னும் தேர்ந்த நடிகை அப்பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தார். அவரை மையமாக வைத்தே புதிய தொடர் அமைக்கப்பட்டது. ட்றமன்ட் வீட்டை விட்டுப் பீக்ஸ்கில் என்னும் ஊரிலுள்ள ஈஸ்ற்லான்ட் பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு விடுதித் தாயாக அவர் செல்கிறார். அங்கு அவரது பொறுப்பில் ஏழு மாணவியர்.

அவ்வேழு பேரையும் இங்கு நிரைப்படுத்துதல் அவசியமாகின்றது. செல்வச் செருக்கும் அழகும் கொண்ட பிளெயர். நகைச்சுவையே தற்காப்பான நற்றலி. ஊர்வம்பு பரப்பும் சின்னவள் ரூற்றி. எந்நேரமும் தொலைபேசியில் காதலனுடன் பேசும் நான்சி. அமெரிக்க நடுமேற்கிலிருந்து வந்த சூ ஆன். விளையாட்டு வீராங்கனை சின்டி. பெண்ணுரிமை பற்றி வாதிடும் சிறுமி மொலி. இவர்களுக்கு மேலே அதிபர் பிறட்லி. மஹோனி என்னும் ஆசிரியை நான்கு அங்கங்களோடு காணாமற் போய்விடுகிறார். அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரங்களுக்குப் போக எஞ்சும் நேரத்தை இத்தனை பேருக்கும் பங்கிட்டால், ஒருவருக்கு ஒரு நகைச்சுவையும் ஒரு பெருமூச்சும் கிடைக்கலாம். முதல் நான்கு அங்கங்கள் 1979இன் கோடையிலே காட்டப்பட்டன. எஞ்சியவை அடுத்த ஆண்டின் இளவேனில் வரை காத்திருந்தன. எல்லாமாகப் பதின்மூன்று. பார்ப்போர் தொகை திருப்தி தரவில்லை. ஆகவே பாத்திரங்கள் மிகைப்பட்டமையே குறை எனத் தயாரிப்பாளர் முடிவு கட்டினர். நான்சி, சூ ஆன், சின்டி, மொலி ஆகிய நால்வரும் தொடரின் மையத்திலிருந்து அகற்றப்பட்டனர். அதிபர் பிறட்லியும் விடைபெற்றார். இரண்டாம் பருவம் பெருவெற்றிக்கு வழி திறந்தபடியால், அம்முடிவே சரியென்பது பின்வந்தோர் ஏறத்தாழ ஒருமுகமாக ஏற்றுக்கொண்ட கருத்தாகிவிட்டது.

எண்ணிக்கை ஒரு குறைதான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனையே முதற் குறையெனக் கொள்வது, வைத்தியர் நோயை விட்டு நோயாளியின் பருமனைக் குறைப்பதை ஒக்கும். ஏழு பேர் வாழும் விடுதியை எழுதுதல் இயலாத காரியமன்று. மலோரி ரவேர்சின் துயில்கூடத்தில் அதனிலும் அதிகம் பேர் வாழ்கின்றனர். முதற் பருவத்துக்கு நேர்ந்த கேடு வேறிடத்தில் உள்ளது. அங்கே நிகழ்வதெதற்கும் அடுத்த வாரத்தில் நினைவு இல்லை.

இத்தொடர் தோன்றியது நோர்மன் லியரின் நிறுவனத்திலிருந்து. 1971 தொட்டு அந்நிறுவனம் வளர்த்தெடுத்த நாடக மரபு, குடும்பக் கூடத்து நகைச்சுவையினுள் இனப்பகை, வறுமை, போர் போன்ற சமூகப் பிரச்சினைகளைத் துணிவோடு நுழைத்த மரபாகும். அது மதிக்கத்தக்கது. ஆனால் வளர்ந்த குடும்பமொன்றின் சாப்பாட்டு மேசையில் வாரம் ஒரு பிரச்சினை வந்து விழுவதும், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் விடுதியில் அவ்வாறு விழுவதும் ஒன்றல்ல. ஈஸ்ற்லான்டில் ஒரு வாரம் நுண்ணறிவு ஈவு. ஒரு வாரம் தத்தெடுப்பு. ஒரு வாரம் கஞ்சா. ஒரு வாரம் பெற்றோரின் மணமுறிவு. ஒரு வாரம் மெலிவதற்காகத் தன்னை வருத்திப் பட்டினி கிடக்கும் சூ ஆன். பிரச்சினை வருகிறது, திருமதி கறெற் பேசுகிறார், தழுவல் நிகழ்கிறது, இசை எழுகிறது. அடுத்த வாரம் அப்பெண்ணின் முகத்தில் அதன் சுவடு கூட இல்லை.

முதலாவது அங்கத்தையே எடுத்துக் காட்டலாம். சின்டி ஆண்பிள்ளை போன்ற நடையுடை உடையவள்; தோழியரைக் கள்ளமின்றித் தழுவிக்கொள்பவள். அத்தழுவலில் வேறு பொருள் உண்டெனப் பிளெயர் குத்திக் காட்டுகிறாள். 1979ஆம் ஆண்டில், பிள்ளைகளும் பார்க்கும் ஒளிபரப்பிலே, இதைத் தொட்டமையே பெருந் துணிவு. அச்சொல் விழுந்த கணத்தில் சின்டியின் முகம் மாறுவது முதற் பருவத்தின் உண்மையான கணங்களுள் ஒன்று எனலாம். தன் உடலையும் அன்பையும் பற்றி அதுவரை எண்ணிப் பாராத சிறுமி, இனி எண்ணாமல் இருக்க முடியாதவளாகிறாள். விடுதி வாழ்வின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. பகற் பாடசாலையில் கேலி செய்தவளை மாலை மணியோடு பிரிந்துவிடலாம். விடுதியிலோ அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலிற் படுக்க வேண்டும். அன்றிரவு விளக்கணைந்த பின் சின்டி என்ன செய்தாள்? மறுநாள் யாரேனும் அவளைத் தழுவ வந்தபோது விலகினாளா? தொடர் இதனைக் கேட்கவில்லை. விதைத்ததை அறுக்காமலே அடுத்த வயலுக்குச் சென்றுவிட்டது.

எமிலி டிக்கின்சனின் கவிதையொன்றைப் பிளெயர் தனதென ஒப்படைக்கும் அங்கமும் அவ்வாறே. பிறர் எழுத்தைத் திருடிய மாணவி ஒரு பாடசாலையில் பல மாதங்களுக்கு அப்பெயரைச் சுமப்பாள்; ஆசிரியர் அவளுடைய அடுத்த கட்டுரையை இருமுறை வாசிப்பார்; அவள் உண்மையாகவே நன்றாக எழுதினாலும் எவரும் நம்பார். நகைச்சுவைக்கும் துயரத்துக்கும் ஒருங்கே இடந்தரக்கூடிய அந்நிலையைக் கைவிட்டுவிட்டு, மன்னிப்போடு கதவைச் சாத்திவிடுகின்றனர். தொலைக்காட்சி நிலையங்கள் அங்கங்களை எவ்வொழுங்கிலும் மறுஒளிபரப்புச் செய்ய விரும்பிய காலம் அது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு பார்வை, ஒரு சொல், ஓர் ஒதுக்கம் ஆகியவற்றால் சென்ற வாரத்தை நினைவூட்டுதற்கு எந்த ஒழுங்கும் தடையாயிராது.

இரண்டாம் பருவம் இக்குறையை எவ்வாறு தீர்த்தது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1980இல் நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் தாமதமுற்று நவம்பரில் தொடங்கிய அப்பருவத்தின் முதற் கதைக்குப் 'புதிய மாணவி' என்றே பெயர். நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியிலிருந்து புலமைப்பரிசில் பெற்ற ஜோ மோட்டார்ச் சைக்கிளில் வந்து இறங்குகிறாள். நான்சி மக்கியோன் நடித்த இப்பெண்ணின் கையில் எண்ணெய்க் கறை. நாவில் தெருவின் சொல். பிளெயரும் அவளும் கண்டவுடனே மோதுகின்றனர். அவர்களது போட்டியில் நற்றலியும் ரூற்றியும் இழுபடுகின்றனர். பாடசாலை வாகனத்தை எடுத்துச் சென்று, போலி அடையாள அட்டைகளோடு மதுச்சாலையில் நுழைந்து, ஈற்றிலே நால்வரும் பொலிசாரிடம் அகப்படுகின்றனர். தண்டனையாக, நட்டத்தை அடைக்கும்வரை நால்வரும் ஒரே அறையில் வாழவும் பாடசாலை உணவுச்சாலையில் வேலை செய்யவும் வேண்டும். திருமதி கறெற்றும் இப்போது உணவு நிபுணராகி அச்சமையலறைக்கே பொறுப்பாகிவிட்டார்.

இங்கு நிகழ்ந்த மாற்றங்களில் எண்ணிக்கைக் குறைப்பு மிகச் சிறியது. பழைய விடுதிக் கதையின் 'வருகை' மீண்டும் வந்துவிட்டது. கட்டணஞ் செலுத்த வழியற்ற ஒருத்தி வந்தவுடன், அதுவரை காற்றைப் போலக் கண்ணுக்குப் புலப்படாதிருந்த பிளெயரின் செல்வம் திடீரெனக் கனமும் உருவமும் பெறுகின்றது. எல்லாவற்றிலும் முக்கியமானது கடன். ஒரு வார இரவில் நடந்த தவறு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் தட்டுக் கழுவும் கைகளாகத் திரையில் நிற்கிறது. முதற் பருவத்தில் பெண்கள் கூடத்தில் வந்து அமர்ந்து தம் மனத்துயரைக் கூறுவர். இரண்டாம் பருவத்தில் உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே கூறுவர். நடிப்பு எவ்வளவு மேம்பட்டது என்பதைக் காணவேண்டுமாயின், பிளெயராக வரும் லீசா வெல்செலை இரு பருவங்களிலும் ஒப்பிட்டு நோக்கினாற் போதும். செய்தற்கு ஒரு வேலையும் வெறுத்தற்கு ஒருத்தியும் கிடைத்தபின் அச்செருக்கு மனிதத்தன்மை பெறுகின்றது.

ஆகையால், முதற் பருவத்தைச் செப்பனிடுவதற்கு நான்கு பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியிருந்ததா என்ற கேள்வி எழுகிறது. வெளியேற்றாமலே செய்திருக்கலாம், அதற்கு வேண்டிய பொருள் அனைத்தும் முதற் பருவத்தினுள்ளேயே கிடந்தது.

முதலாவதாக, அப்பருவத்திலும் ஒரு புதிய மாணவி இருந்தாள். அவளை எவரும் இனங்காணவில்லை. அவள் எட்னா கறெற். பணக்கார வீட்டிலே பணிபுரிந்த பெண், பணக்காரரின் பெண்மக்கள் பயிலும் பாடசாலைக்கு வருகிறார். ட்றமன்டின் மகள் கிம்பெர்லி அதே பாடசாலையின் மாணவி. நேற்றுவரை அவளது வீட்டிலே சமைத்தவர் இன்று அவளது தோழியருக்கு ஒழுக்கம் புகட்டும் அதிகாரி. பிளெயர் போன்றவள் இதனை ஒரு நாளாவது எடுத்தெறிந்து பேசாமல் விடுவாளா? திருமதி கறெற்றின் சம்பளம் எவ்வளவு, அவர் ஏன் அவ்வீட்டை விட்டார், மாணவியரின் விடுமுறைக் காலங்களில் அவர் எங்கு போவார் என்பனவெல்லாம் கதைக்குரிய கேள்விகள். அவருடைய முன்னாட் கணவன், சூதாடி, ஓரங்கத்தில் வந்து போகிறான். அந்த ஓரங்கத்தில் மாத்திரமே அவர் ஆறுதல் கூறும் வாயாக அன்றி ஆறுதல் வேண்டிய பெண்ணாகத் தோன்றுகிறார். அதுபோன்ற அங்கங்கள் மூன்று இருந்திருப்பின், புறொங்சிலிருந்து ஒருத்தியை அழைக்கும் தேவை இவ்வளவு அவசரமாக எழுந்திராது.

அடுத்தது ரூற்றியின் கால்கள். பத்து வயதில் அப்பாத்திரத்தை ஏற்ற கிம் ஃபீல்ட்ஸ் உயரங் குறைந்தவள். ஏனையோருடன் ஒரே சட்டகத்துள் அவளைப் படம்பிடித்தல் கடினமாயிருந்தது. எனவே முதற் பருவத்தில் அவளுக்குச் சில்லுச் சப்பாத்து அணிவித்தனர். படப்பிடிப்புக் கருவியின் வசதிக்காகச் செய்த இந்த உபாயம், சற்றுச் சிந்தித்தால், பருவத்தின் மிகச் சிறந்த உருவகமாக அமைந்துவிட்டது. ஏழு மாணவியருள் ஒரேயொரு கறுப்பினச் சிறுமி, ஏனையோருக்குச் சமனான உயரத்தில் நிற்பதற்காக எந்நேரமும் சில்லில் நிற்கிறாள். ஓய்ந்து நிற்றல் அவளுக்கு இல்லை. வம்பு பேசிக்கொண்டே கூடத்துள் உருண்டு வருகிறாள், உருண்டு போகிறாள். அவள் ஒருநாள் அச்சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கட்டிலின் ஓரத்தில் அமரும் ஒரு காட்சியை யாரேனும் எழுதியிருக்கலாம். பேச்சுக் கூட வேண்டியதில்லை.

நற்றலியின் வரலாறு இன்னொரு வகையிற் கவனத்துக்குரியது. தயாரிப்பாளரும் சார்லற் றேயும் மெய்யான பெண்கள் பாடசாலையின் சூழலை அறியும்பொருட்டு லொஸ் ஏஞ்சலீசிலுள்ள வெஸ்ற்லேக் பாடசாலைக்குச் சென்றிருந்தபோது அங்கே பயின்றுகொண்டிருந்த மாணவி மின்டி கோன். நடிப்புப் பயிற்சி ஏதுமற்ற அவளுடைய பேச்சும் சிரிப்பும் அவர்களை ஈர்க்க, அவளையே தொடருள் அழைத்துக்கொண்டனர். எழுவருள் மெய்யான பாடசாலைக் கூடத்திலிருந்து நேரே எடுக்கப்பட்ட ஒருத்தி, இறுதி அங்கம் வரை நின்றுபிடித்தாள் என்பது தற்செயலன்று. தொடருக்கு வேண்டிய பாடம் அந்த ஒரு பயணத்திலே கிடைத்திருந்தது. இன்னும் இரண்டு நாட்கள் அப்பாடசாலையின் உணவுக்கூடத்திலே அமர்ந்து கேட்டிருந்தால் சின்டிக்கும் நான்சிக்கும் சொல்லவேண்டிய சொற்களும் கிடைத்திருக்கும்.

நான்சியின் தொலைபேசியை எண்ணிப் பார்க்கலாம். காதலனுடன் பேசுதல் அவளது ஒரே செயல்; அதற்கு மேல் அவளுக்கு எழுதப்பட்டது சொற்பம். ஆயின் விடுதியில் தொலைபேசி என்பது பொதுப்பொருள். ஒருத்தி பேசும்போது வரிசையில் நிற்போர் உண்டு; வீட்டிலிருந்து அழைப்பு வராதா எனக் காத்திருப்போர் உண்டு. மணமுறிந்த பெற்றோரின் அழைப்புக்காக மொலி காத்திருக்கும் ஒரு மாலையில் நான்சி தொலைபேசியை விடாதிருந்தாள் என்று வைத்துக்கொண்டால், இரு பாத்திரங்களுக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்துவிடும். ஏழு பேரை எழுதும் முறை இதுவே. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாரம் ஒதுக்குவதற்குப் பதிலாக, ஒருத்தியின் வாரம் மற்றவளின் வாரத்தை இடறச் செய்தல் வேண்டும். அதிபரைக் குறைத்திருக்கலாம் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. அவரது நகைச்சுவை அலுவலகத்தின் கதவைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

இவ்வாறு கூறுவது இரண்டாம் பருவத்தின் தகுதியைக் குறைப்பதாகாது. ஜோ இல்லாத தொடரை இன்று கற்பனை செய்தல் அரிது. ஆனால் நால்வரைச் சமையலறை ஓரத்து அறையொன்றுள் அடைத்த அத்தீர்வு, மெல்ல மெல்லப் பாடசாலையையே கரைத்துவிட்டது. வகுப்பறைகள் குறைந்தன, ஏனைய மாணவியர் பெயரற்றோராயினர். 1983இல் திருமதி கறெற் பாடசாலையை விட்டு விலகிச் சொந்தமாக உணவுக் கடையொன்றைத் திறக்க, விடுதிக் கதை முற்றாக மறைந்து போயிற்று. இரண்டாண்டின் பின் அக்கடையும் தீக்கிரையாகி வேறு கடையாயிற்று. நல்ல நகைச்சுவை தொடர்ந்தது, விடுதி தொடரவில்லை. 2021 டிசம்பரில் அமெரிக்க நடிகர் சிலர் இத்தொடரின் அங்கமொன்றை மேடையிலே நேரலையாக மீளநடித்தபோதும், தேர்ந்தெடுக்கப்பட்டது ஜோ உள்ள காலத்து அங்கமே. எழுவரின் ஈஸ்ற்லான்டை எவரும் நினைவு கூர்ந்ததாகத் தெரியவில்லை.

அகற்றப்பட்ட நால்வரும் எழுத்திற் படைத்த பாத்திரங்கள் மாத்திரமல்லர். தொழில் செய்த பிள்ளைகள். அவருள் மொலியாக நடித்த மொலி றிங்வோல்ட், 1984க்கும் 1986க்கும் இடையில் வெளிவந்த 'சிக்ஸ்ரீன் கன்டில்ஸ்', 'பிறேக்ஃபஸ்ற் கிளப்', 'பிறிற்றி இன் பிங்க்' ஆகிய மூன்று படங்களால் அமெரிக்க இளமையின் முகமாகவே போற்றப்பட்டாள். அவற்றுள் இரண்டாவது, பாடசாலையில் தண்டனைக்காக ஓரிடத்தில் அடைக்கப்பட்ட ஐந்து மாணவரின் கதை என்பதும், மூன்றாவது, வறிய வீட்டுப் பெண் செல்வப் பிள்ளைகளிடையே படும் பாடு என்பதும் சுவையான ஒற்றுமைகள். ஈஸ்ற்லான்டுக்கு இல்லாதிருந்த இரு கதைகளையும், ஈஸ்ற்லான்டுக்கு வேண்டாதவள் வெளியே சென்று நடித்தாள்.

மற்றைய மூவரும் இரண்டாம் மூன்றாம் பருவங்களில் இடையிடையே வழிப்போக்கர் போலத் தோன்றி மறைந்தனர். 1986இல், எட்டாம் பருவத்திலே, பழைய தோழியர் ஒன்றுகூடும் அங்கமொன்றுக்காக நான்சியும் சூ ஆனும் சின்டியும் மீண்டும் அழைக்கப்பட்டனர். அவர்கள் வந்து கதவைத் தட்டியபோது அங்கே பாடசாலை இல்லை. சார்லற் றே அவ்வாண்டிலேயே தொடரை விட்டுச் சென்றுவிட்டமையால், வாயிலில் நின்று வரவேற்கத் திருமதி கறெற்றும் இல்லை.